டி-ஷர்ட் பிரிண்ட் தண்ணியில ஏன் உரியுது?

(ஆடியோ எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சைக் கொஞ்சம் சுருக்கி, படிக்கிறதுக்கு ஏத்த மாதிரி ஒழுங்குபடுத்தியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு லிசனர் அனுப்பின வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்குது. லாஸ்பேட்டைல இருந்து அனுப்பியிருக்காங்க. வீட்டுல ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கு. ஆன்லைன்ல ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் வாங்கி, டி-ஷர்ட்ல டிசைன் போட்டு, தெரிஞ்சவங்களுக்கு வித்துட்டு இருக்காங்க. இப்ப ஒரு காலேஜ் டிபார்ட்மென்ட்ல இருந்து 40 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வந்திருக்கு. அட்வான்ஸும் வாங்கியாச்சு. ஆனா முதல்ல போட்ட சாம்பிள் மூணாவது துவையல்லயே வெடிக்க ஆரம்பிச்சிருச்சு. சிவப்பு எழுத்தைச் சுத்தி ரோஸ் கலர்ல ஒரு வட்டம் வேற.

அவங்க கேள்வி இதுதான்: "இதுக்கு மேல அடிக்கிற மாதிரி வாட்டர்புரூஃப் ஸ்பிரே ஏதாவது இருக்கா?"

சுருக்கமான பதில்: ஸ்பிரே அடிச்சு இதைச் சரிபண்ண முடியாது. ஏன் முடியாதுங்கிறதுதான் இன்னைக்கு எபிசோடு. இதுல ஒரு சுவாரஸ்யம் என்னன்னா, துணியில போட்ட கலர் தண்ணிக்கு எப்படித் தாங்கும்ங்கிற கேள்விக்கு நம்ம புதுச்சேரியில கிட்டத்தட்ட 300 வருஷத்துக்கு முன்னாடியே பதில் இருந்துச்சு. அதைத் தெரிஞ்சுக்க பிரான்ஸ்ல இருந்து ஆள் வந்து நோட்டு எடுத்துட்டுப் போயிருக்காங்க. அங்கேயும் போவோம். முதல்ல பேப்பரைப் பார்ப்போம்.

பேப்பர்ல என்னதான் இருக்கு?

பேரு பேப்பர்னு இருந்தாலும், ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல பேப்பரோட வேலை ரொம்பக் கம்மி. அது ஒரு வண்டி மாதிரி. சரக்கை இறக்கி வெச்சுட்டுப் போயிடும்.

அடியில இருக்குறது கெட்டியான காகிதம். அதுக்கு மேல, சூடு பட்டதும் விட்டுக்கொடுக்குற மாதிரி ஒரு வழுக்குப் பூச்சு. அதுக்கு மேலதான் முக்கியமான ஆள்: ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். சூடு பண்ணா உருகும், ஆறினா இறுகும். இந்த வகைப் பிளாஸ்டிக்குக்குத் தெர்மோபிளாஸ்டிக்னு பேரு. இந்தப் படலம்தான் பிரிண்டர்ல இருந்து வர்ற இங்க்கை உறிஞ்சிக்குது.

டி-ஷர்ட் மேல இதைக் கவுத்து வெச்சு சூடும் அழுத்தமும் குடுக்கும்போது, படலம் உருகி பருத்தி நார்களோட இடுக்குல கொஞ்சம் இறங்குது. ஆறினதும் அங்கேயே பிடிச்சுக்குது. எவ்வளவு சூடு, எத்தனை செகண்ட்ங்கிறது பேப்பருக்குப் பேப்பர் மாறும், பாக்கெட்லயே போட்டிருப்பாங்க. பெரும்பாலும் 160ல இருந்து 190 டிகிரி செல்சியஸ், அரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும்.

இதுல ரெண்டு ரகம் இருக்கு. வெள்ளை, இளநிறத் துணிக்கான பேப்பர்ல படலம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். படத்தை இடம் வலம் மாத்தி அடிக்கணும். கருப்பு, நீலம் மாதிரி அடர்நிறத் துணிக்கான பேப்பர்ல படலமே வெள்ளையா, கெட்டியா இருக்கும். அதை உரிச்சு, படம் மேல பார்க்குற மாதிரி வெச்சு அழுத்தணும். இந்த ரெண்டாவது ரகம் துணிக்குள்ள இறங்குறது இன்னும் கம்மி. கிட்டத்தட்ட துணி மேல ஒட்டின ஸ்டிக்கர்தான்.

ஆக, துணி மேல ஒரு பிளாஸ்டிக் படலம், அந்தப் படலத்துக்குள்ள கலர். கலருக்கும் பருத்திக்கும் நேரடிச் சொந்தம் எதுவும் கிடையாது. நடுவுல நிக்கிற பிளாஸ்டிக் கைவிட்டா, கலரும் போயிடும்.

தண்ணி எப்படி வேலையைக் காட்டுது?

"தண்ணியில போயிடுச்சு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுறோம். உண்மையில அங்க மூணு வேற வேற கோளாறு நடக்குது. எது நடந்திருக்குன்னு தெரிஞ்சாதான் எதைச் சரிபண்ணணும்னு தெரியும்.

முதலாவது, இங்க்கே கரையுறது. நம்ம லிசனர் பார்த்த அந்த ரோஸ் வட்டம் இதுதான். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்ல ரெண்டு வகை இங்க் உண்டு. ஒண்ணு டை இங்க், இன்னொண்ணு பிக்மென்ட் இங்க். டை இங்க்ல கலர், தண்ணியில சர்க்கரை கரைஞ்ச மாதிரி முழுசா கரைஞ்சிருக்கும். தண்ணியில கரையணும்னே தேர்ந்தெடுத்த சாயம் அது. மறுபடி தண்ணியைப் பார்த்தா பழைய சொந்தத்தைத் தேடிப் போறதுல ஆச்சரியம் இல்ல. பிக்மென்ட் இங்க் அப்படி இல்ல. அதுல கலர் கரையாத துகள்களா மிதந்துட்டு இருக்கும், சந்தனத்தைத் தண்ணியில குழைச்ச மாதிரி. துகள் படலத்துக்குள்ள சிக்கிக்கிட்டா, தண்ணி வந்தாலும் கரைஞ்சு ஓடாது. நிறைய இங்க்-டேங்க் மாடல்கள்ல கலர் பாட்டில் எல்லாம் டை, சில மாடல்ல கருப்பு மட்டும் பிக்மென்ட். அதனாலதான் சில சமயம் கருப்பு எழுத்து அப்படியே நிக்கும், பக்கத்துல சிவப்பு மட்டும் கசியும். லேசர் பிரிண்டர்ல டோனரே ஒரு பிளாஸ்டிக் தூள், அதுல இந்தக் கசியிற பிரச்சினை இல்ல. ஆனா அதுக்குத் தனி டிரான்ஸ்ஃபர் பேப்பர் வேணும். இங்க்ஜெட் பேப்பரை லேசர் பிரிண்டர்ல விட்டா, உள்ள இருக்குற சூட்டுல படலம் உருகி ரோலர்ல ஒட்டிக்கும், பிரிண்டரே போயிடும்.

ரெண்டாவது, பிடி விட்டுப்போறது. பருத்திக்குத் தண்ணின்னா உயிர். நனைஞ்சதும் ஒவ்வொரு நாரும் தண்ணியை உறிஞ்சி ஊதும், காய்ஞ்சா திரும்ப ஒடுங்கும். மேல இருக்குற பிளாஸ்டிக் ஊதவும் ஊதாது, ஒடுங்கவும் ஒடுங்காது. ஒவ்வொரு துவையல்லயும் அடியில இருக்குற தரை நகருது, மேல போட்ட ஓடு நகரல. இதோட பனியன் துணி பின்னல் துணி, இழுத்தா நீளும். தலையை நுழைச்சு மாட்டும்போதே நெஞ்சுப் பக்கம் விரியுது. படலம் அந்த அளவுக்கு நீளாது, வெடிக்குது. வெடிச்ச இடுக்குல அடுத்த துவையல்ல தண்ணி நுழையுது. அப்புறம் ஓரம் தூக்குது, உரியுது.

மூணாவது, சூடு. சூட்டுல உருகி ஒட்டினது, இன்னொரு சூட்டுல இளகும். வெந்நீர்ல ஊற வைக்கிறது, டிரையர்ல போடுறது, பிரிண்ட் மேலயே அயர்ன் பண்றது இது எல்லாமே அந்தப் பிளாஸ்டிக்கை மறுபடி மென்மையாக்குற வேலை. அயர்ன் பாக்ஸோட அடியில பாதி டிசைன் ஒட்டிக்கிட்டு வர்றது இதனாலதான்.

கவனிச்சீங்கன்னா, இந்த மூணுல நேரடியா தண்ணியால கரையுறது முதல் கோளாறு மட்டும்தான். மத்த ரெண்டுலயும் தண்ணி ஒரு கூட்டாளி, அவ்வளவுதான்.

அப்போ ஸ்பிரே?

இப்ப ஸ்பிரே கதைக்கு வருவோம். குடை மாதிரி மேல ஒரு பூச்சு பூசிட்டா தண்ணி உள்ள போகாதுன்னுதான் நாம நினைக்கிறோம். ஆனா துணி துவைக்கும்போது தண்ணி மேல இருந்து மட்டும் வரல. பருத்தி முழுக்க நனைஞ்சு, பிரிண்டோட முதுகுப் பக்கமா வருது. முன் கதவைப் பூட்டிட்டு பின் கதவை விட்ட கதைதான். ஸ்பிரே பூச்சு இருக்குறது படலத்தோட மேல் முகத்துல, பிடி விடுறது அடி முகத்துல. இதோட, காய்ஞ்ச ஸ்பிரே இன்னும் விறைப்பான ஒரு ஓடு. பனியன் துணி நீளும்போது அது முதல்ல வெடிக்கும்.

சுவத்துல மாட்டுற படத்துக்கோ, அட்டைப் பொட்டி மேல போட்ட பிரிண்டுக்கோ ஸ்பிரே உதவலாம். அங்க தண்ணி மேல இருந்து மட்டும்தான் வரும். உடம்புல போட்டு, பக்கெட்ல ஊற வெச்சு, பிழியுற துணிக்கு அது ஆகாது.

நம்ம ஊர் காத்துல ஒரு சிக்கல்

இன்னொரு விஷயம், கடலோர ஊர்க்காரங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது. பருத்தி காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அதுக்குள்ள எப்பவும் தண்ணி இருக்கும். ஜவுளித் துறையில ஒரு கணக்கு உண்டு: காத்துல ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தா, பருத்தி தன்னோட காய்ஞ்ச எடையில 8.5 சதவீதம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். பாலியஸ்டர்ல அது 0.4 சதவீதம்தான். அதாவது 150 கிராம் பருத்தி டி-ஷர்ட்னா, அலமாரியில சும்மா மடிச்சு வெச்சிருக்கும்போதே உள்ள சுமார் 12 கிராம் தண்ணி. நம்ம ஊர்ல காத்து ஈரம் பல நாள் 65-ஐத் தாண்டித்தான் இருக்கு. மழைக்காலத்துல கேக்கவே வேணாம்.

அந்தத் துணி மேல 180 டிகிரியை அழுத்தினா என்ன ஆகும்? உள்ள இருக்குற தண்ணி ஆவியாகி வெளிய வரப் பார்க்கும். அதே நேரத்துல மேல இருந்து உருகின படலம் உள்ள இறங்கப் பார்க்கும். ரெண்டும் ஒரே வாசல்ல எதிரெதிரா வருது. ஆவி ஜெயிச்ச இடத்துல எல்லாம் படலம் சரியா பிடிக்காது. அன்னைக்குப் பார்த்தா பிரமாதமா இருக்கும், மூணாவது துவையல்ல உரிய ஆரம்பிச்சிடும்.

இதுக்கு வைத்தியம் சுலபம். பேப்பரை வைக்கிறதுக்கு முன்னாடி வெறும் துணியை 5ல இருந்து 10 செகண்ட் பிரஸ் பண்ணி ஆவியை வெளியேத்துங்க. துணியில ஆவி வர்றது கண்ணுக்கே தெரியும். அது நின்னதும் பேப்பரை வைங்க. சாதாரண அயர்ன் பாக்ஸ்ல பண்றவங்களுக்கு இன்னொரு வார்த்தை: ஸ்டீம் அயர்னோட அடியில ஓட்டைகள் இருக்கும், அந்த இடத்துல எல்லாம் சூடும் அழுத்தமும் கம்மி. கையால தர்ற அழுத்தமும் சீரா இருக்காது. பிரிண்ட் திட்டுத் திட்டா உரியுதுன்னா, பேப்பரைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி அயர்ன் பாக்ஸைச் சந்தேகப்படுங்க.

1734 வாக்குல, இதே ஊர்ல

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம்.

17, 18ஆம் நூற்றாண்டுல சோழமண்டலக் கடற்கரையில இருந்து கப்பல் கப்பலா ஐரோப்பாவுக்குப் போன சரக்குகள்ல ஒண்ணு, கையால வரைஞ்சு சாயமேத்தின பருத்தித் துணி. அந்தத் துணி மேல ஐரோப்பாவுக்கு அவ்வளவு மோகம். பிரான்ஸ் தன்னோட நெசவாளர்களைக் காப்பாத்த 1686ல இந்த மாதிரி துணிக்குத் தடையே போட்டுச்சு. அந்தத் தடை 1759 வரைக்கும் நீடிச்சுச்சு. மோகத்துக்கு அழகு மட்டும் காரணம் இல்ல. துவைச்சாலும் கலர் போகல. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல பருத்தி மேல கலர் போடத் தெரிஞ்ச வழிகள்ல பெரும்பாலானது தண்ணி பட்டா நிக்காது.

அப்ப பாரிஸ்ல து ஃபே-ன்னு ஒரு விஞ்ஞானி இருந்தார். மின்சாரத்துல ரெண்டு வகை உண்டுன்னு 1733ல சொன்னவர் அவர்தான். சாயத்தொழிலை மேற்பார்வை பண்ற வேலையும் அவர்கிட்ட இருந்துச்சு. அவருக்காக போலியூ-ன்னு ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, 1734 வாக்குல புதுச்சேரியில ஒரு துணி ஓவியரோட வேலையைப் பக்கத்துல இருந்து பார்த்து, படிப்படியா எழுதினார். எழுதினதோட நிக்கல. ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் அந்தத் துணியில ஒரு துண்டை வெட்டி, குறிப்போட சேர்த்து வெச்சார். இன்னைக்கு நாம ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுக்குறோமே, அதேதான். அந்தக் கையெழுத்துப் பிரதி இப்பவும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு. சில வருஷம் கழிச்சு, 1742ல, கேர்தூ-ங்கிற ஜேசுயிட் பாதிரியாரும் இதே தொழிலைப் பத்தி விரிவா ஒரு கடிதம் எழுதி அனுப்பினார்.

அவங்க பார்த்தது என்ன? சுருக்கமா சொல்றேன். முதல்ல துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த தண்ணியில ஊற வெச்சுக் காய வைப்பாங்க. கடுக்காய்ல இருக்குற துவர்ப்பு நார்ல ஏறும். பால்ல இருக்குற கொழுப்பு, அடுத்து வரையுற கோடு பரவாம பார்த்துக்கும். அப்புறம் இரும்புக் கரைசலால வரைவாங்க. இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சேர்ந்ததும் கோடு கருப்பாகும். சிவப்பு வர வேண்டிய இடத்துல சிவப்பைப் பூச மாட்டாங்க, படிகாரக் கரைசலைப் பூசுவாங்க. அதுக்கப்புறம் முழுத் துணியையும் சாயவேர் போட்டுக் காய்ச்சின தண்ணியில முக்குவாங்க. படிகாரம் பட்ட இடத்துல மட்டும் சிவப்பு பிடிச்சுக்கும். மத்த இடத்துல ஏறின கலர் அலசி, வெயில்ல காய வைக்க வைக்கப் போயிடும்.

இங்கதான் விஷயம் இருக்கு. சாயவேர்ல இருக்குற சாயம் அலிசரின். தனியா இருந்தா பருத்தி மேல ஒழுங்கா நிக்காது. ஆனா நார்ல ஏற்கெனவே உக்காந்திருக்குற படிகாரத்தோட அலுமினியத்தைச் சந்திச்சதும், ரெண்டும் சேர்ந்து தண்ணியில கரையாத ஒரு புதுப் பொருளா மாறிடுது. அது உருவாகுற இடமே நாருக்குள்ளதான். கரைஞ்ச நிலையில உள்ள வந்தது, கரையாத நிலையில உள்ளயே தங்கிடுச்சு. இந்த மாதிரி சாயத்தைப் பிடிச்சு வைக்கிற பொருளுக்கு மார்டன்ட்னு பேரு. அது பிரெஞ்சு வார்த்தை, "கடிக்கிறது"ன்னு அர்த்தம். நாரைக் கடிச்சுப் பிடிச்சுக்குதாம்.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இந்தக் கடற்கரையில இருந்து போன துணிகள் இருக்கு. அந்தச் சிவப்பு இன்னும் சிவப்பாவே இருக்கு.

உள்ள போய் உருமாறணும்

இப்ப நம்ம டிரான்ஸ்ஃபர் பேப்பரோட ஒப்பிட்டுப் பாருங்க. அதுல கலர் துணிக்கு வெளியில, பிளாஸ்டிக் வீட்டுல வாடகைக்கு இருக்கு. சாயவேர்ச் சிவப்பு நாருக்குள்ள சொந்த வீடு கட்டிக்கிச்சு. தண்ணிக்குத் தாங்குற எந்த முறையை எடுத்தாலும் இந்த ரெண்டாவது சூத்திரம்தான் ஏதோ ஒரு வடிவத்துல இருக்கும்: நகரக்கூடிய நிலையில உள்ள போகணும், உள்ள போனதும் நகர முடியாத நிலைக்கு மாறணும்.

அவுரி நீலத்தை எடுத்துக்கங்க. அது தண்ணியில கரையாது. சாயத் தொட்டியில ஆக்சிஜன் இல்லாத நிலையில அதைக் கரையுற வடிவத்துக்கு மாத்துறாங்க. துணியை முக்கி வெளிய எடுத்ததும், காத்து பட்டு மஞ்சள் கலந்த பச்சையா இருக்குறது கண்ணு முன்னாடியே நீலமாகும். அது மறுபடி கரையாத அவுரி. புதுச்சேரியில இருந்து இப்படி நீலம் ஏத்தின "கினே" துணி செனகல் வரைக்கும் போய், அங்க பிசின் வியாபாரத்துல காசு மாதிரியே கைமாறியிருக்கு. ஆனா அவுரி நாரோட மேற்பரப்பை ஒட்டித்தான் அதிகம் தங்கும், அதனால தேய்ச்சா போகும். ஜீன்ஸ் முட்டியில வெளுக்குறது தண்ணியால இல்ல, தேய்மானத்தால.

அடுத்தது நீங்க தினம் பார்க்குற ஒண்ணு, கிரிக்கெட் ஜெர்சி. அதுல இருக்குற முறை சப்ளிமேஷன். 1950-களோட கடைசியில நோயல் த பிளாஸ்-ங்கிற பிரெஞ்சுக்காரர் உருவாக்கினது. இதுலயும் பேப்பர் இருக்கு, ஹீட் பிரஸ் இருக்கு. அதனாலதான் ரெண்டையும் குழப்பிக்கிறோம். ஆனா நடக்குறது வேற. 190, 200 டிகிரி பக்கத்துல சாயம் உருகாம நேரா ஆவியாகுது. அந்தச் சூட்டுல பாலியஸ்டர் நாரும் இளகி வழிவிடுது. ஆவி உள்ள போயிடும், ஆறினதும் கதவு சாத்திக்கும். தடவிப் பார்த்தா பிரிண்ட் இருக்குறதே கைக்குத் தெரியாது. நூறு தடவை துவைச்சாலும் உரியறதுக்கு அங்க படலமே இல்ல.

ஆனா இது பருத்தியில ஆகாது. பருத்தி நார்ல அந்தச் சாயத்தைப் பிடிச்சு வைக்க ஒண்ணும் இல்ல, ரெண்டு துவையல்ல வெளிறிடும். அடர்நிறத் துணியிலயும் ஆகாது, ஏன்னா இதுல வெள்ளைக் கலர் கிடையாது. காபி மக்ல போடுறாங்களேன்னு கேக்கலாம். அந்த மக் மேல ஏற்கெனவே ஒரு பாலிமர் பூச்சு இருக்கும், சாயம் அதுக்குள்ளதான் போகுது. வீட்டுல இருக்குற சாதாரண பீங்கான் கப்புல நிக்காது.

பருத்திக்கு நவீன பதில், ரியாக்டிவ் சாயம். 1956ல ஐசிஐ கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்துச்சு. சாய மூலக்கூறும் பருத்தி மூலக்கூறும் நேரடியா வேதிப் பிணைப்பு போட்டுக்கும். இன்னைக்கு நீங்க போட்டிருக்குற கலர் காட்டன் டி-ஷர்ட்டோட அடிக் கலர் பெரும்பாலும் இந்த வகைதான். ஆக ஒரே டி-ஷர்ட்ல துணியோட கலர் வேதிப் பிணைப்புல இருக்கு, மேல இருக்குற டிசைன் ஒட்டுல இருக்கு. துணி இருந்துட்டு டிசைன் மட்டும் போறது இதனாலதான்.

டிடிஎஃப், ஸ்கிரீன் பிரிண்ட் எல்லாம் எங்க வருது?

இப்ப கடைக்குக் கடை போர்டு மாட்டியிருக்குற டிடிஎஃப் எந்தப் பக்கம்? நேர்மையா சொன்னா, அதுவும் மேல ஒட்டுற குடும்பம்தான். ஆனா கொஞ்சம் புத்திசாலிப் பிள்ளை. பிளாஸ்டிக் ஃபிலிம்ல பிக்மென்ட் இங்க்கால அடிச்சு, பின்னாடி வெள்ளை போட்டு, அது மேல பசைத் தூளைத் தூவி உருக்கி, அப்புறம் துணியில அழுத்துறாங்க. அந்தப் பசை ரப்பர் மாதிரி நீளக்கூடிய பாலியூரிதேன். பிக்மென்ட்ங்கிறதால கசியிற கோளாறு போச்சு, பசை நீளும்ங்கிறதால வெடிக்கிற கோளாறு குறைஞ்சுச்சு. கலர் இருக்குற இடத்துல மட்டும் பசை இருக்கும், சுத்தி வெத்துப் படலம் இல்ல.

ஸ்கிரீன் பிரிண்ட்ல பரவலா இருக்குற பிளாஸ்டிசால், பிவிசி பிளாஸ்டிக் இங்க். அதுவும் துணி மேலதான் உக்காரும். ஆனா ஈரமா நார்களைச் சுத்தி இறங்கினதுக்கு அப்புறம், 160 டிகிரி பக்கத்துல முழுசா வேகுறதால பிடி நல்லா இருக்கும். சரியா வேகலன்னா அதுவும் உரியும்.

தண்ணியில போனது எங்க போகுது?

"அப்போ எல்லாத்தையும் உள்ள ஏத்துற சாயமாவே போட்டுடலாமே"ன்னு தோணும். அதுக்கும் ஒரு விலை இருக்கு. ரியாக்டிவ் சாயத்துல ஒரு பகுதி துணியைப் பிடிக்கிறதுக்குப் பதிலா தண்ணியோடயே வினை புரிஞ்சு வீணாகும். அது உப்போட சேர்ந்து கழிவுநீரா வெளிய வரும். திருப்பூர் நொய்யல் ஆத்துக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் என்ன ஆச்சுன்னு தெரியும். கழிவுநீரே வெளிய விடாத நிலை வர்ற வரைக்கும் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு.

டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல அந்த மாதிரி சாயக் கழிவு இல்ல, வீட்டு மேஜையிலயே முடிஞ்சிடுது. ஆனா உரியிற ஒவ்வொரு செதிலும் பிளாஸ்டிக். அது பக்கெட் தண்ணியோட சாக்கடைக்குப் போகுது, நம்ம ஊர்ல சாக்கடை கடைசியில எங்க சேரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால பிரிண்ட் நிலைக்கிறதுங்கிறது கஸ்டமர் திருப்தி மட்டும் இல்ல. ஒரு நாள் கூத்துக்கு 40 டி-ஷர்ட் அடிச்சு, மூணே துவையல்ல தரைத்துடைக்கிற துணியாக்குறதுல யாருக்கும் லாபம் இல்ல.

சரி, அந்த 40 டி-ஷர்ட்டுக்கு என்ன பண்ணலாம்?

முதல்ல, ஆர்டர் குடுத்தவங்ககிட்ட ஒரு கேள்வி: இதை எத்தனை தடவை போடப் போறீங்க? ஒரே நாள் நிகழ்ச்சிக்குன்னா டிரான்ஸ்ஃபர் பேப்பர் போதும், ஆனா அதைச் சொல்லிட்டு விக்கணும். வாரம் ஒரு தடவை போடுற பருத்தி டி-ஷர்ட்னா, டிசைனை நீங்க பண்ணிட்டு பிரிண்டை டிடிஎஃப் அல்லது ஸ்கிரீன் போடுறவங்ககிட்ட குடுங்க. ஒரே டிசைன்ல 40 பீஸ்ங்கிறது ஸ்கிரீனுக்கு நல்ல எண்ணிக்கை. வெள்ளைப் பாலியஸ்டர் ஜெர்சின்னா யோசிக்கவே வேணாம், சப்ளிமேஷன்.

டிரான்ஸ்ஃபர் பேப்பர்லயேதான் பண்ணணும்னா இதைச் செய்ங்க. பிக்மென்ட் இங்க் இருக்குற பிரிண்டரா பாருங்க. டை இங்க் பிரிண்டர்ல பிக்மென்ட் இங்க்கை ஊத்திடாதீங்க, அதோட நாசில் அதுக்கு ஏத்ததான்னு முதல்ல பார்க்கணும். டிசைனைச் சுத்தி வெட்டும்போது கூர் மூலை வேணாம், வளைச்சு வெட்டுங்க. உரியிறது எப்பவும் மூலையிலதான் ஆரம்பிக்கும். வெறும் துணியை முதல்ல பிரஸ் பண்ணுங்க. அயர்ன் பாக்ஸை விட்டுட்டு ஹீட் பிரஸ் வாடகைக்காவது எடுங்க. போட்ட பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணி காட்டாதீங்க.

டெஸ்ட் பண்ணாம டெலிவரி பண்ணாதீங்க. ஜவுளி லேபுல இதுக்கு ஐஎஸ்ஓ 105-னு ஒரு தரவரிசையே இருக்கு. துவையல் டெஸ்ட்ல துணித் துண்டைச் சோப்புத் தண்ணியில, தேய்மானத்துக்காகச் சின்ன எஃகு உருண்டைகளோட சேர்த்துச் சுத்துவாங்க. பக்கத்துல வெச்ச வெள்ளைத் துணியில எவ்வளவு கலர் ஏறியிருக்குன்னு பார்த்து 1ல இருந்து 5 வரைக்கும் மார்க். 5-ன்னா துளி கூடப் போகல. நாம வீட்டுல அதோட தம்பியைச் செய்யலாம். ஈர வெள்ளைத் துணியை விரல்ல சுத்தி, பிரிண்ட் மேல 10 தடவை அழுத்தித் தேய்ங்க. துணியில கலர் ஏறினா இங்க்ல பிரச்சினை. அப்புறம் அஞ்சு தடவை, வீட்டுல எப்படித் துவைப்பாங்களோ அப்படியே துவைங்க, ஊற வெச்சு, கசக்கி, பிழிஞ்சு, வெயில்ல போட்டு. ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுங்க. கலர் நிக்குது ஆனா வெடிக்குதுன்னா படலம் நீளல. வெடிக்கல ஆனா ஓரம் தூக்குதுன்னா பிரஸ் சரியில்ல. இப்படிப் பிரிச்சுப் பார்த்தாதான் அடுத்த பீஸ்ல எதை மாத்துறதுன்னு தெரியும்.

டி-ஷர்ட்டோட ஒரு சின்ன சீட்டும் வைங்க: உள்பக்கத்தை வெளிய திருப்பித் துவைங்க, பச்சைத் தண்ணியே போதும், பிரஷ் போடாதீங்க, பிரிண்ட் மேல அயர்ன் வைக்காதீங்க. நம்ம ஊர்ல பல இடத்துல போர் தண்ணி உப்பா இருக்கு, நுரை வரலன்னு சோப்பை அள்ளிக் கொட்டி இன்னும் ரெண்டு தடவை கசக்குவோம். பிரிண்டுக்கு அந்தக் கசக்கல்தான் எமன்.

கடையில குடுத்து அடிக்கிறவங்களுக்கு: "வாட்டர்புரூஃபா அண்ணா?"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. "கலர் துணிக்கு மேல நிக்குமா, உள்ள போகுமா? மேலன்னா எதால ஒட்டுறீங்க?"ன்னு கேளுங்க. வேலை தெரிஞ்ச அண்ணன்னா ரெண்டே நிமிஷத்துல விளக்கிடுவார்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். உங்க வீட்டுல அஞ்சு துவையல் தாண்டின பிரிண்ட் ஏதாவது இருந்தா, என்ன முறைன்னு குறிப்போட போட்டோ அனுப்புங்க.